ஜி.என்.எம்.மா, பி.எஸ்சி.யா? வார்டில் நர்சிங் கோட்பாடு உதவுமா?

கரூர்_தம்பி:
தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள், உயிரியல் பிரிவு. நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள். 3 வருட ஜி.என்.எம். டிப்ளமோவா, 4 வருட பி.எஸ்சி.யா என்று வீட்டில் பேச்சு. எங்கள் தெருவில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, "பி.எஸ்சி.யில் தியரிதான் கூடுதல், வார்டில் அது சோறு போடாது" என்கிறார். உண்மையா?

நைட்_டியூட்டி:
உண்மைதான் தம்பி. நான் ஜி.என்.எம்., 19 வருஷ சர்வீஸ். புதிதாக வரும் பி.எஸ்சி. பிள்ளைகள் ஓரெம், ராய், நியூமன் என்று நர்சிங் கோட்பாடு எழுதியவர்களைச் சொல்லிப் படம் போட்டு விளக்குகிறார்கள். நரம்பு கிடைக்காத பாட்டிக்கு ஊசி போடச் சொன்னால் கை நடுங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவரின் முகத்தைப் பார்த்ததுமே 'இவர் சரியில்லை' என்று எனக்குத் தோன்றும். பி.பி. அப்போது சரியாகத்தான் இருக்கும், அரை மணி கழித்துத்தான் இறங்கும். இதை எந்தக் கோட்பாடு சொல்லித்தந்தது?

பாடம்_எடுப்பவள்:
அக்கா, நீங்கள் சொன்னதைத்தான் நர்சிங் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் 1984இல் புத்தகமாகவே எழுதினார். கற்றுக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவர் வரை ஐந்து படிகள். கைதேர்ந்த நர்ஸ் விதியைத் தேடுவதில்லை, நிலைமையை முழுசாகப் பார்க்கிறார் என்பார். அந்தப் பிள்ளையின் கை நடுங்குவது ஆரம்பப் படிகளில். நீங்களும் அங்கே நின்றவர்தானே?

ஓரெமை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள ஒருவரால் எது முடியும், எது முடியாது, அந்த இடைவெளியில் நர்ஸ் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கோட்பாடு.

நான் வார்டில் இருந்தபோது சர்க்கரைப் புண்ணோடு ஒரு பெரியவர் திரும்பத் திரும்ப அட்மிட் ஆனார். "மருந்து ஒழுங்காகப் போடுவதில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. எனக்கு ஓரெம் ஞாபகம் வந்தது. "ஐயா, எப்படிப் போடுகிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்றேன். பையிலிருந்து எடுத்தார். இன்சுலின் பாட்டில் 40 யூனிட் வகை, அதாவது ஒரு மி.லி.யில் 40 யூனிட். சிரிஞ்சோ ஆரஞ்சு மூடி போட்டது, 100 யூனிட் பாட்டிலுக்கானது. சிவப்பு மூடிதான் இருந்திருக்க வேண்டும். 20ஆம் கோடு வரை பார்த்துப் பார்த்து இழுத்தார். அந்தச் சிரிஞ்சில் அது 0.2 மி.லி.தான், அதனால் உள்ளே போனது 8 யூனிட்தான். தினமும் தவறாமல் போட்டுக்கொண்ட மனிதரை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தோம்.

நைட்_டியூட்டி:
படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் செய்து காட்டச் சொல்ல எனக்கு ஓரெம் தேவைப்படவில்லை, என் முதல் வார்டு சிஸ்டர் சொல்லித்தந்தார். அதற்கு நேரம் வேண்டும். ராத்திரி 40 படுக்கைக்கு ஒரே ஆளாக நிற்கும்போது எந்த இடைவெளியில் போய் நிற்பது? முதலில் ஆள் போடட்டும்.

பாடம்_எடுப்பவள்:
ஆள் வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான். ஆனால் எல்லோருக்கும் அப்படி ஒரு வார்டு சிஸ்டர் அமைவதில்லையே அக்கா. அவர் சொன்னது அவரோடு போய்விடக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறார்கள். வெளிச்சம், காற்று, சுத்தம் என்று நைட்டிங்கேல் 1859இல் எழுதி வைத்ததால்தானே இன்றும் சொல்லித்தருகிறோம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வைப்பது எங்கள் தவறு, ஒத்துக்கொள்கிறேன். கோட்பாட்டை நோயாளி பக்கத்தில் வைத்துத்தான் நடத்த வேண்டும்.

இரண்டும்_படித்தவன்:
தம்பி, நான் ஜி.என்.எம். முடித்து வேலை பார்த்துவிட்டு, 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தேன். அந்த வழியும் இருக்கிறது, ஆனால் மொத்தம் 5 வருடம். தங்கை உயிரியல் பிரிவு என்பதால் பணம் புரட்ட முடிந்தால் நேராக பி.எஸ்சி.யே போகட்டும். எம்.எஸ்சி., ஆசிரியர் வேலை எல்லாம் அதற்கு மேல்தான். எதுவானாலும் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, பயிற்சிக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டா என்று பாருங்கள்.

நைட்_டியூட்டி:
சொந்த ஆஸ்பத்திரி இருந்தால் போதாது, அங்கே படுக்கையில் நோயாளி இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

கரூர்_தம்பி:
எல்லோருக்கும் நன்றி. தங்கை இதையெல்லாம் படித்துவிட்டு, முதல் வேலையாக அப்பாயியின் மருந்துப் பெட்டியைத் திறந்தாள். பாட்டிலில் 40, சிரிஞ்சில் சிவப்பு மூடி. சரியாகத்தான் இருக்கிறது.