1801 காளையார்கோவில் போர் நாடகம்: ஆசானையே எதிர்க்கும் வில்லாளிப் பெண், ஆயுத விவரம் தேவை

மேடைக்காரன்:
காரைக்குடிப் பக்கம் மாசி–பங்குனித் திருவிழாவுக்கு ஒன்றரை மணி நேர நாடகம் எழுதுகிறோம். களம் சிறுவயலும் காளையார்கோவில் காடும், ஆண்டு 1801. வயதான ஆசான் ஒருவரிடம் வில் கற்ற பெண். சுற்று வட்டாரத்தில் அவளுக்கு நிகரான கை கிடையாது. போர் வந்ததும் ஆசான் கும்பெனி பக்கம் போகிறார், அவள் மருதிருவர் பக்கம் நிற்கிறாள். கடைசியில் இருவரும் காட்டுக்குள் நேருக்கு நேர்.

கேட்க வேண்டியவை: துப்பாக்கி வந்துவிட்ட காலத்தில் வில் பொருந்துமா? அவள் வில் எப்படி இருக்கும், எவ்வளவு தூரம் போகும்? தனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவரை அவள் எப்படி வெல்வாள்? "அவள் திறமைசாலி, அதனால் ஜெயித்தாள்" என்று முடிக்க மனம் வரவில்லை.

செம்புறைக்கல்:
முதல் வேலையாக ஆசானைக் காசுக்கு விலைபோனவர் ஆக்காதீர்கள். அதைவிட நல்ல காரணம் வரலாற்றிலேயே கிடக்கிறது. மருதிருவர் பிரதானிகள், அதாவது அமைச்சர்கள்; அரச வம்சம் அல்லர். 1801 ஜூலையில் கும்பெனி படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று அறிவித்தது. செப்டம்பர் 12 அன்று சோழபுரத்தில் பட்டமும் கட்டியது. மருது பக்கம் நின்றவர்களைப் பிரித்ததில் பீரங்கிக்கு இருந்த பங்கு இந்த அறிவிப்புக்கும் உண்டு.

ஆசானுக்கு 55 வயது வையுங்கள். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட 25 ஜூன் 1772 அன்று அவர் 26 வயது வீரர். "நான் தின்றது அரண்மனை உப்பு, பிரதானி உப்பல்ல" என்று அவர் சொன்னால் மறுப்பது சுலபமில்லை. "வெள்ளைக்காரன் கட்டிய பட்டம் என்ன பட்டம் வாத்தியாரய்யா?" என்பது அவள் பக்கம். எதிர்த்து நின்றாலும் அவரை ஒருமையில் பேசமாட்டாள். துரோகி யார் என்று பார்த்தவர்கள் வீடு போகும்வரை சண்டை போடட்டும்.

காலக்கோடு: ஜூன் 16 கும்பெனிக்கு எதிராக மருது விட்ட திருச்சி அறிக்கை. ஆகஸ்ட் முழுக்கக் கும்பெனிப் படை சிறுவயலிலிருந்து காடு வெட்டிப் பாதை போடப் பார்த்து, முடியாமல் கைவிட்டது. அக்டோபர் 1 காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24 திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கு. உங்கள் மோதலுக்கு அந்த ஆகஸ்ட் மாதம்தான் இடம். காடு வெட்டுகிறவர்களுக்கு வழி காட்ட ஆசான் வருகிறார் என்றால் தானாகப் பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கை. படுதாவில் சீமைக்கருவேலம் வரையாதீர்கள், அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. உடைமரம், காரை, சூரை, கள்ளி வரையுங்கள். அதேபோல் அவளை ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பிலோ பர்மா தேக்குத் தூணுக்குப் பின்னாலோ நிறுத்தவும் கூடாது. இன்று நிற்கும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் எழுந்தவை. கோவில் மதில், ஊருணிக்கரை, கண்மாய் மடை போதும்.

நாணொலி:
வில் பொருந்தும், ஆனால் படையின் ஆயுதமாக அல்ல. படைக்கு ஈட்டி, வாள், வளரி என்ற எறிதடி, துப்பாக்கி. வில் வேட்டைக்கும் இரவுக் காவலுக்கும். திரித் துப்பாக்கிக்கு எரியும் திரி வேண்டும். இருட்டில் கங்கு தெரியும், காற்றுவாக்கில் வாடை வரும், சுட்டதும் புகை இடத்தைக் காட்டிக்கொடுக்கும். வில்லுக்கு இதெல்லாம் இல்லை.

வில்: கல்மூங்கில். ஐந்தே கால் அடி நீளம், பிடி அருகே ஒன்றரை அங்குல அகலம், நுனியில் அரை அங்குலம். பச்சையாக வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், நிழலில் நன்றாகக் காய வேண்டும். செதுக்குவது உள்பக்கம் மட்டும். தோல்பக்கத்தில் கத்தி பட்டால் நார் அறுந்து, இழுக்கும்போது அங்கேதான் பிளக்கும். அந்தத் தோல்பக்கம் எதிரியைப் பார்த்து இருக்கும். மேடைகளில் இதைத் தலைகீழாகப் பிடிப்பது அடிக்கடி கண்ணில் படுகிறது. நாண் மருள் செடியின் நாரை முறுக்கித் தேன்மெழுகு தடவியது. ஏற்றிய நாணுக்கும் பிடிக்கும் இடையே ஆறு அங்குலம். வேலை முடிந்ததும் நாணை இறக்க வேண்டும். இரவெல்லாம் ஏற்றி வைத்தால் மூங்கில் வளைவைப் பிடித்துக்கொண்டு விசை இழக்கும்.

முழுக்க இழுத்துப் பிடிக்க அவளுக்கு 18 கிலோ விசை வையுங்கள். 30 கிராம் அம்பு விநாடிக்குச் சுமார் 45 மீட்டர் போகும். இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

50 மீட்டருக்கு அம்பு எடுப்பது 1.1 விநாடி. நாண் அதிரும் சத்தம் 0.15 விநாடியில் போய்விடும். அந்தச் சத்தத்தை இருபது வருடம் கேட்டு வளர்த்த ஆசானுக்கு முக்கால் விநாடிக்கு மேல் மிச்சம். ஓர் அடி நகர்ந்தால் தப்பினார். 20 மீட்டரில் அம்பு 0.44 விநாடியில் வந்துவிடும். சத்தம் காதில் விழுந்து உடம்பு அசைவதற்குள் தைத்திருக்கும். காடும் இதையேதான் சொல்கிறது: 50 மீட்டருக்கு எய்தால் அம்பு நடுவழியில் ஒன்றரை மீட்டர் உயர்ந்து இறங்கும், உடைமரக் கிளையில் பட்டுத் திரும்பும். 20 மீட்டரில் ஒரு சாண்தான் உயரும்.

ஆக அவள் குறி பார்த்து வெல்வதில்லை. 20 மீட்டருக்குள் நெருங்கினால்தான் வெல்வாள். அவர் கற்பித்தது தூரத்திலிருந்து அடித்து மறைவது என்று முன் காட்சியில் நிறுவிவிடுங்கள். அவள் அதை மீறி அருகே வருவதுதான் எதிர்ப்பு.

வளரித்தடி:
கணக்கு பிடித்திருக்கிறது. ஆனால் இந்த மண்ணில் நாடகம் போட்டு வளரியைத் தொடாமல் விட்டால் ஊர் கேட்கும். பிறைபோல் வளைந்தது, ஒரு முனை கனம். மெல்லிய முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சுழற்றி வீசுவார்கள். மரம், தந்தம், இரும்பு மூன்றிலும் உண்டு. எறிந்தவர் கைக்குத் திரும்பிவரும் என்று சினிமா பாணியில் காட்டாதீர்கள்; ஓடுகிறவன் காலை அடித்து விழவைப்பதுதான் அதன் வேலை. அடர்ந்த முள்காட்டில் அது சுழல இடம் கிடையாது, வெட்டிய பாதையிலும் கண்மாய்ப் பொட்டலிலும்தான் பலன்.

இன்னொன்று. ஆசானும் சீடரும் எதிரெதிர் நிற்பது உங்கள் கற்பனை மட்டுமல்ல. கும்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1795 வாக்கில் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுதான் என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் வளரி நூறு கஜம் வரை குறி தப்பாது என்பதும் அவர் சொன்னதே. அதே வெல்ஷ் 1801ல் எதிர்ப்படையில் இருந்து, தொடை முறிந்து சிறையில் கிடந்த தன் ஆசான் சின்ன மருதுவையும் பிறகு தூக்குமரத்தையும் பார்த்தார். உங்கள் நாடகத்தில் அவர் ஓரமாக ஒரு காட்சி வந்து போனால் போதும். அந்தப் பெண்ணும் வெல்ஷும் கண்ணாடியில் இடவலம் மாறியது போல நிற்பார்கள்.

மேடைக்காரன்:
வெல்ஷ் காட்சி உறுதி. இன்னொரு சந்தேகம்: ஆசான் அவள் வில்லைக் கெடுத்துவைப்பதாக ஒரு திருப்பம் யோசித்தோம். நாணை அறுத்துவிடுவது பழைய சங்கதியாகத் தெரிகிறது.

நாணொலி:
நாண் வேண்டாம், அம்பை மாற்றச் சொல்லுங்கள். அம்பின் விறைப்பு வில்லின் விசைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். ஆசானின் வில் 25 கிலோ என்றால் அவர் அம்புகள் தடித்தவை. அவற்றை அவள் 18 கிலோ வில்லில் வைத்து எய்தால், வில்லின் இடப்பக்கம் அம்பு வைத்து மூன்று விரலால் இழுக்கும் வலக்கைக்காரிக்கு, குறி இடப்பக்கம் விலகும். வில்லில் பழுது தெரியாது, நாணும் சரியாக இருக்கும், அம்பு மட்டும் தள்ளிப்போகும். இரண்டாவது அம்பும் அதே பக்கம் போனதும் அவளுக்குப் புரிந்துவிடும். மூன்றாவதை வேண்டுமென்றே வலப்பக்கம் குறிவைத்து எய்யட்டும். கட்டைவிரலால் இழுக்கும் முறை என்றால் அம்பு வலப்பக்கம் இருக்கும், விலகலும் மாறும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாதீர்கள்.

இறகிலும் இப்படிச் செய்யலாம். ஓர் அம்பின் மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். இடச்சிறகும் வலச்சிறகும் கலந்தால் அம்பு சுழலாமல் தடுமாறும். ஆனால் பத்தாவது வரிசைக்கு இது தெரியாது. தடித்த அம்பையும் மெல்லிய அம்பையும் இரு கையில் பிடித்துக் காட்டினால் தெரியும்.

செம்புறைக்கல்:
ஒரு திருத்தம். இது எடுபட, ஆசான் அவளிடம் "அம்பை எண்ணாதே, தொட்டுப் பார்" என்று முதல் காட்சியிலேயே சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவ்வளவு தேர்ந்தவள் தூணியில் கைவைத்ததுமே தடிமன் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்காதது ஏன் என்று கேட்பார்கள். இருட்டில், ஓட்டத்தில், பாடத்தை மறந்தாள் என்றால் ஒப்புவார்கள்.

நாணொலி:
சரிதான். மேடைக்கு இரண்டு வார்த்தை. நிஜ முனை வேண்டாம், ரப்பர் முனையும் கண்ணைக் கெடுக்கும். ஆள் பக்கம் எதையும் எய்யாதீர்கள். நடிகை பாதி இழுத்து மெல்லத் தளர்த்த வேண்டும். அம்பில்லாமல் வெறும் நாணை விட்டால் அம்போடு போக வேண்டிய விசை மூங்கிலுக்கே திரும்பி விரிசல் விடும், ஒத்திகையிலேயே வில் போய்விடும். இழுத்ததும் விளக்கை அணையுங்கள், திரைக்குப் பின்னால் ஒருவர் இன்னொரு வில்லின் நாணைச் சுண்டட்டும். அரை விநாடிக்குள் பலகையில் ஒரு தட்டு. விளக்கு வரும்போது கீல் வைத்து மடக்கியிருந்த அம்பு ஆசான் பக்கத்து மரத்தில் நிமிர்ந்து நிற்கட்டும். கீலுக்கு எண்ணெய் விடுங்கள்.