மறு: மடத்துக்குக் காசு சேர்ப்பது – முதலில் பழைய படங்களைத் தேடுங்கள்

பொருளாளர் அண்ணைக்கும் சங்கத்து எல்லோருக்கும் வணக்கம்.

தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போன என் பெறாமகன் அனுப்பிய படங்களை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேணியடி மடத்தின் தெற்குச் சுவரும் சரிந்துவிட்டது. ஆல் முளைத்து, சுண்ணாம்புச் சாந்தைப் பிளந்து வேர் உள்ளே போயிருக்கிறது. தூண்களில் நிற்பது இரண்டுதான். போன வருடம் நின்ற மூன்றாவது இப்போது புல்லுக்குள் கிடக்கிறது. சுமைதாங்கியின் மேற்கல்லை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதைப் பார்த்துத்தான் மடத்தைக் கணினியில் முழுதாக எழுப்பி வைப்போம் என்று கேட்டேன். மடத்தை அளக்க லேசர் கருவியோடு ஆட்களைக் கூப்பிடும் செலவு பற்றி அண்ணை எழுதியது நியாயம்தான். அந்தக் காசு வேண்டாம். கிணறு திருத்திய கணக்கே இன்னும் முடியவில்லை என்பது எனக்கும் தெரியும், அதை இதற்குள் இழுக்க வேண்டாம்.

நிற்கிற பகுதிக்குக் கைபேசி போதும். ஒவ்வொரு படமும் முந்திய படத்தில் முக்கால்வாசியைத் திரும்பக் காட்டும்படி, சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். ஒரே கல் பல படங்களில் தெரிந்தால், மெஷ்ரூம் போன்ற இலவச மென்பொருளே புள்ளிகளைப் பொருத்தி முப்பரிமாண உருவம் எடுத்துத் தரும். உண்மையான அளவு மட்டும் அதற்குத் தெரியாது. அதற்காக நிற்கிற ஒரு தூணை நாடா பிடித்து அளக்க வேண்டும். பிள்ளை சித்திரையில் திரும்பப் போகிறான், நாடாவும் கொண்டுபோவான்.

விழுந்த பகுதிக்குத்தான் நீங்கள் எல்லோரும் வேண்டும். ஆப்கானிஸ்தானில் பாமியான் புத்தர் சிலைகளை 2001 இல் உடைத்தார்கள். பெரிய சிலையைச் சூரிக்கில் கணினியில் திரும்ப எழுப்பினார்களே, அதற்கு அடிப்படை 1970 இல் ஒரு ஆஸ்திரியப் பேராசிரியர் அளப்பதற்கென்றே செய்த கமராவில் எடுத்து வைத்திருந்த மூன்றே மூன்று படங்கள். எங்கள் படங்கள் அப்படி அளந்து எடுத்தவை அல்ல. ஆனால் எண்ணிக்கையில் எவ்வளவோ கூட இருக்கும். 1990 இல் ஊரை விட்டு ஓடும்போது சிலர் உடுப்பை விட்டுவிட்டு அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். தேர் நாள், கலியாணம், கேணியில் நீந்திவிட்டுத் திண்ணையில் வரிசையாக இருந்த பெடியள், எல்லாவற்றையும் எடுங்கள். முகங்களை விட்டுவிட்டுப் பின்னால் தெரிகிற கல்லைப் பாருங்கள். படத்தைக் கைபேசியால் திரும்பப் படம் எடுக்காமல் ஸ்கான் பண்ணி அனுப்புங்கள்.

லண்டன் பெரியப்பா, மேற்குத் தூணில் உங்கள் அப்பப்பாவின் உபயம் என்று பெயர் வெட்டியிருந்தது, அதைக் கணினி மடத்திலும் போட வேண்டும் என்று கேட்டீர்கள். வெட்டியிருந்தது என்பதை நான் நம்புகிறேன். எங்கள் ஆச்சியும் அப்படித்தான் சொல்லுவா. ஆனாலும் படத்தில் காணாத எழுத்தை நாங்கள் பொறிக்கக் கூடாது. இப்படியான வேலைகளுக்கென்று எழுதிய லண்டன் சாசனமும் ஆதாரம் எது, ஊகம் எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்கிறது. ஊகித்து நிரப்புவதை வேறு நிறத்தில் விடுவோம். இன்று ஆதாரமில்லாமல் ஒரு பெயரைப் போட்டால் நாளைக்கு இன்னொருவர் வேறு பெயரோடு வருவார், பிறகு உண்மையாக வெட்டியிருந்த பெயரையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்தத் தூண் தெரிகிற ஒரு படம் கிடைக்கட்டும், முதலில் பொறிப்பது உங்கள் அப்பப்பாவின் பெயரைத்தான்.

அம்மாவின் கலியாணப் படத்தை இதோடு அனுப்புகிறேன். மாப்பிள்ளைத் தோழனின் தோளுக்குப் பின்னால் மூன்றாம் தூணின் தாமரை பாதி தெரிகிறது. மற்றப் பாதி உங்களில் யாருடைய அல்பத்திலாவது இருக்கும்.