வெஸ்ட்லைஃப்: க்ரோக் பார்க் சுவருக்கு வெளியே ஓர் இரவு

2019 ஜூலை 5, வெள்ளிக்கிழமை. அயர்லாந்துப் பாடகர் குழுவான வெஸ்ட்லைஃபின் கச்சேரிக்கு எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அப்போது டப்ளினில் டிரம்காண்ட்ரா பக்கம் குடியிருந்தேன், க்ரோக் பார்க் மைதானத்துக்குப் பொடிநடைதான். சரி, வெளியே நின்றாவது கேட்போம் என்று கிளம்பினேன்.

அது கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும் ஆடுகிற மைதானம், எண்பதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். மேட்ச் நாளில் ஊர் ஊராக ஜெர்சி போட்டு வருவார்கள். அன்று வந்ததில் பெரும்பாலும் முப்பது நாற்பது வயதுப் பெண்கள். அம்மாவும் மகளும் கைகோத்து வந்ததையும் பார்த்தேன்.

பக்கத்துத் தெருவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் அருகில் இருந்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மடியில் டீ கோப்பை. ஜூலையில் அங்கே பத்து மணிக்கும் வானம் வெளுத்துத்தான் கிடக்கும்.

அவர்களுடைய 'மை லவ்' பாட்டு தொடங்கியது. சுவர்களில் மோதி வந்ததால் வார்த்தை எதுவும் தெளிவாக இல்லை, மெட்டு மட்டும் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பவர்கள் ஸ்ருதி ஒரு படி ஏறும் இடத்தில் எழுந்து நிற்பது வெஸ்ட்லைஃபின் அடையாளம் ஆயிற்றே. அந்த இடம் வந்ததும் இந்த அம்மா கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். போனை மைதானத்தின் பக்கம் உயர்த்திப் பிடித்தார்.

"மகள் சிட்னியில் இருக்கிறாள். அங்கே விடியப் போகிறது, எழுந்ததும் கேட்பாள்" என்றார்.

பாட்டு முடியும்வரை கையை இறக்கவில்லை. நானும் அசையவில்லை.

*

மேலே ஒருவர் வெஸ்ட்லைஃபின் 'மை லவ்' பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. பிரிட்டனில் அவர்களுடைய முதல் ஏழு சிங்கிளும் (தனியாக வெளியிடும் பாட்டு) வரிசையாக முதலிடம் பிடித்தன. ஏழாவது இதுதான், 2000 நவம்பரில். முதலிடம் பிடித்தவை பிறகு மொத்தம் 14 ஆயின.

நான் சொல்ல வந்தது அயர்லாந்தின் வடமேற்கில் இருக்கும் ஸ்லைகோ பற்றி. குழுவின் ஷேன், கியன், மார்க் மூவருக்கும் அதுதான் ஊர். ஒரே பள்ளியில் படித்தவர்கள். நான் போனபோது டாக்ஸி ஓட்டியவர் பென்புல்பென் மலையைக் காட்டி முடித்த கையோடு, "இவர்கள் பள்ளி மேடையில் பாடும்போதே நான் பார்த்திருக்கிறேன்" என்று ஆரம்பித்துவிட்டார். பாய்ஸோன் என்ற இன்னொரு அயர்லாந்துக் குழுவின் மேனேஜர் லூயி வால்ஷ் இவர்களை எடுத்துக்கொண்டது, இசைக் கம்பெனிக்காரர் சைமன் கோவல் முதலில் வேண்டாம் என்றது, பழைய கூட்டாளிகள் சிலர் விலக்கப்பட்டு டப்ளினிலிருந்து நிக்கியும் பிரையனும் சேர்ந்தது என்று எல்லாம் சொன்னார். கழற்றிவிடப்பட்ட பையன்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. "அவர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தானே."

இந்தக் குழுவின் கதையை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்தப் பையன்களை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

*

மேலே இருவர் எழுதியதைப் படித்தேன். நான் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறேன். வெஸ்ட்லைஃபிலிருந்து பிரையன் 2004-இல் விலகிய பின், நால்வராக அவர்கள் 2005-இல் பாடி முதலிடம் பிடித்தது 'யூ ரெய்ஸ் மீ அப்'. அவர்களுக்கு முன்பே வந்த பாட்டுதான், வரிகள் பிரெண்டன் கிரஹாம் என்ற அயர்லாந்துக்காரருடையவை. இங்கே கல்யாணத்திலும் கேட்டிருக்கிறேன், சாவு வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வார்டில் பல வாரம் இருந்த ஒரு பெரியவர் இறந்தபோது தேவாலயத்துக்குப் போயிருந்தேன். பேத்திக்குப் பதினைந்து வயது இருக்கும், அவள்தான் பாடினாள். ஸ்ருதி ஏறும் இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டாள். முன்வரிசையில் இருந்து அவள் அப்பா, உட்கார்ந்தபடியே, விட்ட இடத்திலிருந்து மெல்லப் பாட ஆரம்பித்தார். அப்புறம் பின்வரிசைகளும் சேர்ந்துகொண்டன. வரி தெரியாதவர் யாருமே அங்கே இல்லை.