மறு: கூலன்ட் மாற்றும்போது சிக்கிக்கொள்ளும் காற்றுக்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> காரின் கூலன்ட் (எஞ்சின் சூட்டைச் சுமந்து, அதை ஆற்றும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம்) மாற்றும் செய்முறை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏர் லாக் (காற்று சிக்கி அந்தத் திரவத்தின் ஓட்டத்தை அடைப்பது), ப்ளீடிங் (அந்தக் காற்றை வெளியேற்றுவது) இரண்டுக்கும் சொல் கிடைக்காமல் நான்காம் பத்தியிலேயே நிற்கிறேன். 'காற்றுப்பூட்டு', 'குருதி வடித்தல்' இரண்டையும் எழுதிப் பார்த்து நானே அழித்துவிட்டேன்.

அழித்தது நல்லது தம்பி. கணினி மொழிபெயர்த்த ஒரு கையேட்டில் 'இரத்தப்போக்குத் திருகைத் தளர்த்தவும்' என்று இருந்ததை நான் ஒருமுறை படித்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு எவர் பானட்டைத் திறப்பார்?

இரண்டு நாளாக நான் பதில் போடாததற்குக் காரணம் உண்டு. சொல்லைத் தேடுமுன் வேலையைச் செய்து பார்த்துவிடலாம் என்று, சனிக்கிழமை காலை என் காரின் கூலன்ட்டை நானே மாற்றினேன். மாற்ற வேண்டிய காலமும் தாண்டியிருந்தது. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவே வண்டியை வாசல் சரிவில், முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்திவிட்டேன். காற்று மேல்நோக்கித்தான் போகும். ஊற்றும் வாய்தான் இருப்பதிலேயே உயரமான இடமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. இரவெல்லாம் ஆறியபின் காலையில்தான் ரேடியேட்டர் மூடியைத் தொட்டேன். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடி திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். தம்பி, உங்கள் செய்முறையில் எந்தச் சொல் தப்பினாலும் இந்த ஒரு வரி தப்பக் கூடாது.

கீழே பிளாஸ்டிக் திருகைத் தளர்த்தியதும் பழைய கூலன்ட் வடிந்தது. 'வடிந்தது' என்று எழுதும்போதே பாருங்கள், அகராதியைப் புரட்டாமல் சொல் வந்துவிட்டது. சோறு வடிக்கிறோம், இதையும் வடிக்கிறோம். 'வெளியேற்றுக' என்றெல்லாம் வேண்டாம், 'வடிக்கவும்' போதும். அடுத்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி வடித்து, தெளிவாக வரும்வரை இரண்டு முறை செய்தேன். இதை ஃப்ளஷ் என்கிறார்கள். நமக்கு 'அலசுதல்' இருக்கிறது. அரிசி களைந்து, பாத்திரம் அலசி, சோறு வடிக்கிற வீட்டில் இந்த வேலைக்குப் பாதிச் சொல் ஏற்கெனவே அடுப்படியில் கிடக்கிறது.

போர் தண்ணீரை ஊற்றாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். இன்னொன்று: அலசிய தண்ணீர் முழுதும் வடியாது, எஞ்சினுக்குள் கொஞ்சம் தங்கும். அதற்குமேல் பாதிக்குப் பாதி கலந்து விற்கிற கூலன்ட்டை ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். நான் அடர்த்தியானதை வாங்கி, தங்கிய தண்ணீரையும் கணக்கில் வைத்துக் கலந்தேன்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வடித்ததை அளந்து வைத்திருந்தேன்: மூன்றரை லிட்டர். அலசிய தண்ணீரைக் கடைசியாக வடித்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான் வந்தது. திரும்ப ஊற்றும்போது 2.8 லிட்டரோடு வாய்வரை நிரம்பி நின்றுவிட்டது. மீதி 700 மில்லி எங்கே? சரி, ஓடினால் இறங்கும் என்று ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடத்தில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடை ஓடுவது போலக் களகளவென்று சத்தம். கூலன்ட்டின் சூட்டில் இயங்கும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்திருந்தும் சூடில்லாத காற்றுதான் வந்தது. வெப்பமானி முள் நடுவைத் தாண்டி ஏறுகிறது, ஆனால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் தொட்டால் சில்லென்று இருக்கிறது. பயந்துபோய் அணைத்தேன்.

உள்ளே நடப்பது இதுதான். தெர்மோஸ்டாட் என்னும் மெழுகுக் கதவு 82லிருந்து 88 டிகிரிக்குள் ஏதோ ஒரு சூட்டில் திறக்கும்படி செய்யப்பட்டிருக்கும். அதன் அடியில் வெந்நீருக்குப் பதில் காற்றுக் குமிழ் நின்றால், சூடு மெழுகுக்குச் சரியாகப் போய்ச் சேராது. கதவு திறக்கத் தாமதமாகும். நீரைச் சுழற்றும் பம்போ திரவத்தைத் தள்ளத் தெரிந்தது, காற்றைத் தள்ளத் தெரியாதது. குமிழ் நின்ற இடத்தில் எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட் வெறும் உலோகமாகக் காயும். அலுமினிய ஹெட் வளைந்தால், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போனால், செலவு எவ்வளவு என்று கேட்காதீர்கள். இதைவிட மோசம், வெப்ப உணரியே காற்றுக்குள் மாட்டிக்கொள்வது. அப்போது உள்ளே வேகும், முள் நல்லபிள்ளையாக நடுவில் நிற்கும்.

எதிர்வீட்டில் டிராக்டரும் டீசல் பம்ப்செட்டும் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எட்டிப் பார்த்தார். "ஏர் பிடிச்சிருக்கு சார். ஏர் எடுத்தா சரியாப்போயிரும்" என்றார்.

எனக்கு அந்த இரண்டு வாக்கியத்திலேயே நம் இழை முடிந்துவிட்டது.

ஆறும்வரை காத்திருந்து, தெர்மோஸ்டாட் கூட்டின் மேலிருந்த சிறு திருகை அரைச் சுற்று தளர்த்தினார். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டார், பால் கறப்பது போல. புஸ்ஸென்று காற்று, பிறகு நுரை, பிறகு நுரையில்லாமல் ஒழுங்காகத் திரவம். திருகை இறுக்கினார். ஸ்டார்ட் செய்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டோம். நடுவில் ஒரு குபுக் சத்தத்தோடு மட்டம் சட்டென்று இறங்கியது, தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். காணாமல்போன 700 மில்லியும் உள்ளே போய்விட்டது. ஹீட்டரில் அனல். மறுநாள் காலை ரிசர்வாயரில், அதாவது உபரி கூலன்ட் நிற்கும் டப்பாவில், மட்டம் ஒரு விரல் குறைந்திருந்தது, அதையும் நிரப்பினேன்.

இனி சொல்லுக்கு.

ஏர் லாக்குக்கு 'காற்றடைப்பு' என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். மாரடைப்பு, மூக்கடைப்பு போல என்றார். அதிலேதான் சிக்கல். மூக்கடைப்பில் அடைபடுவது மூக்கு. அந்த வாய்பாட்டில் காற்றடைப்பு என்றால் காற்று அடைபட்டது என்று ஆகிறது. இங்கே காற்று அடைக்கிறது, அடைபடுவது நீர். தவிர, பந்தில் காற்றடைப்பதும் நினைவுக்கு வரும்.

'காற்றுப்பிடிப்பு' என்பது என் முன்மொழிவு. வாயுப்பிடிப்பு என்று நாம் சொல்வது இதேதான்: போக வேண்டிய காற்று போகாமல் ஓரிடத்தில் நின்று வலி கொடுப்பதாக நினைப்பது. கூடவே நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோமே, அந்தப் பொருளும் ஒட்டிக்கொள்கிறது. காற்று தங்குகிற மேட்டையும் 'பிடிப்பு' என்றே சொல்லலாம்: 'ஹீட்டர் குழாயின் வளைவில் காற்றுப்பிடிப்பு உண்டாகும்.'

ப்ளீடிங்குக்கு 'காற்றெடுப்பு'. எடுத்தல் என்றால் தூக்குதல் மட்டும் இல்லை. களை எடுக்கிறோம், சிக்கு எடுக்கிறோம், பேன் எடுக்கிறோம், முள் எடுக்கிறோம். இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதைப் பொறுமையாக அகற்றுவதற்கு நம் ஆட்கள் வைத்திருக்கிற வினை அதுதான். சுளுக்குப் பிடித்தால் சுளுக்கு எடுக்கிறார்கள். பிடித்தால் எடுப்பது. இந்த இணை மொழியில் ஏற்கெனவே இருக்கிறது. மெக்கானிக் அதில் ஏர் என்ற ஒரு சொல்லை மட்டும் கடன் வாங்கி நட்டிருக்கிறார். நாம் அதைக் காற்று என்று மாற்றினால் வேலை முடிந்தது. ப்ரேக் ஆயிலுக்கும், டீசல் குழாய்க்கும் இதே சொல் செல்லும். பட்டறையில் அங்கேயும் ஏர் எடுப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

கூலன்ட்டை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். டொரோண்டோ நண்பர் 'உறைதடுப்பி' என்றார். அவர் ஊர்க் குளிரில் அது உயிர்காக்கும் பெயர். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் கழித்தல் 37 டிகிரி அளவுவரை உறையாது. மதுரைக்காரர் எதை உறையாமல் தடுக்க? 'குளிர்வி' என்பதும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சூட்டைச் சுமப்பதில் வெறுந்தண்ணீர்தான் இந்தக் கலவையைவிடக் கெட்டிக்காரன். நம் ஊரில் கலவையை ஊற்றுவது துருப்பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலை ஏறவும்தான். கலவை தானாக 107 டிகிரி வாக்கில் கொதிக்கும்; மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 125ஐத் தாண்டும். போதாக்குறைக்கு 'குளிர்' என்று தொடங்கும் பெயர் டப்பாவில் இருந்தால், பக்கத்தில் குளிர்பானம் நிற்கிறது. இது இனிக்கும் விஷம். நாயும் பூனையும் நக்கிவிட்டுச் சிறுநீரகம் போய்ச் சாகும். நானே மீதியைப் பழைய சோடா பாட்டிலில் ஊற்றி வைத்து, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது அது வாங்கிய டப்பாவுக்கே திரும்பி, பரணில் இருக்கிறது.

கோவையிலிருந்து, அன்புடன்.

---

அன்பரே,

மடல் சுவையாக இருந்தது. எனக்குக் காரும் இல்லை, ஓட்டவும் தெரியாது; சொல்லை மட்டும் பார்க்கிறேன்.

> ப்ளீடிங்குக்கு 'காற்றெடுப்பு'.

புணர்ச்சியில் குறையில்லை. காற்று என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். எடுப்பு வரும்போது உகரம் கெட்டுக் காற்றெடுப்பு, பிடிப்பு வரும்போது வலி மிக்குக் காற்றுப்பிடிப்பு. இரண்டும் நாக்கில் தடுக்கவில்லை.

ஆனால் பொருளில் ஓர் ஐயம். எஞ்சின் என்பதே வெளிக்காற்றை எடுத்துக்கொண்டு ஓடுகிற பொறி அல்லவா? மாணவன் ஒருவன் 'காற்றெடுப்புக் குழாய்' என்று படித்தால், எஞ்சினுக்குள் காற்று புகும் குழாய் என்றுதானே கொள்வான்? ஒரே பொறியில் உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே அகற்றும் காற்றுக்கும் ஒரு சொல்லா? 'காற்றுக்களைவு' என்றால் இந்த மயக்கம் வராது. களைதல் என்றால் நீக்குதல்தான்.

---

ஐயா, வணக்கம்.

உங்கள் ஐயம் என்னை ஒரு நாள் முழுக்கத் தூங்கவிடவில்லை. நேற்று மாலை அந்த மெக்கானிக்கிடமே போய்க் கேட்டேன். சொல் பற்றி என்று சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார். "எஞ்சின் காத்த உள்ள வாங்குதே, அத எப்படிச் சொல்வீங்க?" என்றேன்.

"இழுக்குது" என்றார்.

ஏர் இழுக்குது. ஃபில்டர் அடைத்தால் "ஏர் இழுக்க மாட்டேங்குது". ஆக எஞ்சின் இழுக்கும், ஆள் எடுப்பார். தானாக நடப்பது இழுப்பு, கை வைத்துச் செய்வது எடுப்பு. ஆகவே உள்ளே வரும் காற்றுக்கு 'காற்றிழுப்பு' என்று வைத்தால் இரண்டும் மோதாது. ஆஸ்துமாவையும் நாம் இழுப்பு என்றுதான் சொல்கிறோம் என்பது கொஞ்சம் இடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

'காற்றுக்களைவு' பிழையற்ற சொல். ஆனால் அதைப் பட்டறையில் சொன்னால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பாடப்புத்தகத்தில் விளக்கக் குறிப்பில் வேண்டுமானால் வரட்டும்.

---

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி.

இழுப்பு, எடுப்பு பிரிவு எனக்குப் போதும். நான்காம் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"பழைய கூலன்ட்டை வடித்து, இருமுறை அலசியபின், புதியதை மெதுவாக நிரப்பவும். வடித்த அளவைவிடக் குறைவாகவே உள்ளே போனால் காற்றுப்பிடிப்பு இருக்கிறது என்று பொருள். எஞ்சின் ஆறியிருக்கும்போது காற்றெடுப்புத் திருகை அரைச் சுற்று தளர்த்தி, மேல் ஹோஸை அமுக்கிவிட்டுக் காற்றெடுக்கவும். நுரை நின்று திரவம் மட்டும் வரும்போது திருகை இறுக்கவும். திருகு இல்லாத வண்டிகளில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, அப்படியே திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்பவும்."

புலவர் ஐயா, 'ஹோஸ்' என்பதைத் தொடாமல் விட்டிருக்கிறேன். 'ரேடியேட்டர்' என்பதையும்தான். அது கதிர்வீசுவதைவிட ஃபேன் காற்றுக்குச் சூட்டைக் கைமாற்றுவதுதான் அதிகம் என்று அண்ணா ஒருமுறை எழுதியிருந்தார். ஆகவே 'கதிர்வீசி' என்று யாராவது தொடங்குவதாக இருந்தால் தயவுசெய்து தனி இழையில் தொடங்கவும். நான் ஐந்தாம் பத்திக்குப் போக வேண்டும்.