பழைய அலமாரிக் கதவில் கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை செய்ய முடியுமா?

மழைத்துளி:
அம்மா இரவில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துதான் படிப்பார். கட்டிலுக்குத் தலைமாட்டுப் பலகை கிடையாது. தலையணை நழுவி இடுக்கில் விழுகிறது, சுவரில் தலை படும் இடம் கறுத்துவிட்டது. புதிதாக வாங்க இப்போது வசதி இல்லை. உடைந்த அலமாரியின் கதவு ஒன்று இருக்கிறது: நீளம் 180 சென்டிமீட்டர், அகலம் 60, கனம் 18 மில்லிமீட்டர். கட்டிலின் அகலம் 150. கதவைக் கிடைமட்டமாக வைத்து, ஃபோம் ஒட்டித் துணி போர்த்தலாமா? பொத்தான் பதித்த மெத்தைபோல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஓரத்தைச் சுரண்டினால் மரத்தூள் உதிர்கிறது. அவருடைய பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும்.

தச்சன் மகள்:
தாராளமாகச் செய்யலாம். 155-க்கு அறுத்துக்கொள்ளுங்கள். பலகையின் கீழ் ஓரம் மெத்தையின் மேல்மட்டத்துக்குக் கீழே ஐந்தாறு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் தலையணை இடுக்கில் விழாது.

தூள் உதிர்கிறது என்றால் அது துகள்பலகை, அதாவது மரத்தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்த பலகை. அதில் ஸ்டேப்ளர் பின் நிற்காது. நான் முதலில் செய்த பலகையும் துகள்பலகைதான். துணியை இழுத்து அடித்த பின்கள் ஒரே வாரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. நல்ல துணி கிழிந்து போனதில் எனக்கு அழுகையே வந்தது. ஆகவே பின்பக்கம் நான்கு ஓரங்களிலும் மர ரீப்பரை (ஒல்லியான மரச்சட்டத்தை)ப் பசை தடவித் திருகி முடுக்குங்கள். பின்களை அந்த ரீப்பரில்தான் அடிக்க வேண்டும்.

ஃபோம் 5 சென்டிமீட்டர் போதும். பழைய மெத்தையிலிருந்து வெட்டி எடுக்கலாம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உடனே எழும்பினால் நல்லது, பொடிந்தால் தூக்கிப் போடுங்கள். இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டினாலும் பரவாயில்லை. மேலே பழைய கம்பளி ஒன்றை விரித்துவிட்டால் ஒட்டு வெளியே தெரியாது.

துணியை நான்கு பக்கமும் 15 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பருத்தி என்றால் முதலில் துவைத்து இஸ்திரி போடுங்கள், பிறகு சுருங்கக் கூடாது. கோடு போட்ட துணி இப்போது வேண்டாம். இழுப்பு ஒரு நூலிழை மாறினாலும் கோடு வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். மேல் ஓரத்தின் நடுவில் ஒரு பின், நேர் எதிரே கீழே ஒரு பின், அப்புறம் இடம், வலம். அங்கிருந்து மூலையை நோக்கி நகருங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் துணி நடுவில் அலையடிக்கும்.

பொத்தானுக்கான துளைகளை ஃபோம் ஒட்டுவதற்கு முன்பே பலகையில் போட்டுவிடுங்கள். வைர வடிவ மடிப்பு முதல் முயற்சிக்குக் கடினம், துணியும் அதிகம் தின்னும். ஒரே வரிசையில் ஏழு பொத்தான்கள் போதும். மெழுகு தேய்த்த தடித்த நூலைப் பின்னால் இழுத்து, ஒரு பின் அடியுங்கள். நூலை எதிர்த் திசைக்கு மடக்கி இரண்டாவது பின். மறுபடி மடக்கி மூன்றாவது. வெறும் முடிச்சு நாளடைவில் நெகிழும், இப்படி மடக்கி அடித்தது நகராது. துளைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு ரீப்பர் துண்டு இருக்கட்டும்.

ஊசியும் நூலும்:
தச்சன் மகள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், பொத்தானைத் தவிர. தினமும் தலை சாயும் இடம் அது. சுவர் கறுத்ததுபோல் துணியும் கறுக்கும். பின்னால் வெல்க்ரோ தைத்து, கழற்றித் துவைக்கும்படி உறை போடுங்கள். அழகு வேண்டுமென்றால் உறையின் விளிம்பில் வேறு நிறத்தில் குழாய்த் தையல் (கயிற்றைத் துணியில் சுற்றித் தைக்கும் ஓரம்) கொடுக்கலாம்.

மழைத்துளி:
இருவருக்கும் நன்றி. தச்சன் மகள் அக்கா, இதைக் கட்டிலோடு திருகுவதா, சுவரில் மாட்டுவதா?

தச்சன் மகள்:
சுவரில்தான். கட்டிலோடு திருகினால் புரளும்போதெல்லாம் கிரீச்சிடும். கனமான ரீப்பர் ஒன்றை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். ஒரு பாதி சுவரில், சாய்வு மேல்நோக்கிச் சுவர்ப்பக்கம் இறங்கும்படி. மறுபாதி பலகையின் பின்னால், தலைகீழாக. தூக்கி வைத்தால் ஒன்றில் ஒன்று கவ்விக்கொள்ளும். பலகை மட்டுமே பத்துக் கிலோவை ஒட்டி வரும், அதனால் செங்கல் சுவர் என்றால் துளைக்குள் திருகைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் செருகித் திருகுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் துளை போடாதீர்கள். கீழே அதே கனத்தில் இன்னொரு ரீப்பர் வைத்தால் சாயும்போது பலகை உள்ளே ஆடாது.

ஊசியும் நூலும் சொன்ன யோசனை என் யோசனையைவிட நல்லது. அம்மா தினமும் படிப்பவர், அவருக்குக் கழற்றும் உறையே சரி. பொத்தான் ஆசையை உறைக்கு மேலே தலை எட்டாத மேல் ஓரத்தில் தைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். அறுக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளாமல் நல்ல முகக்கவசமே போடுங்கள், துகள்பலகைத் தூள் மிகவும் பொடி. எந்த நிறத்தில் துணி எடுத்திருக்கிறீர்கள்?

மழைத்துளி:
கரும்பச்சை. அம்மாவின் பழைய திரைச்சீலைத் துணி, நல்ல கனம். நாளைக்குத் துவைத்துக் காயப்போடுகிறேன்.