பீரோவை விட்டு இறங்க மறுக்கும் பூனை

வித்யா:
எங்கள் பூனை மல்லிக்கு ஐந்து வயது. வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். போன வாரம் ஒன்றரை வயது நாய் ஒன்றை எடுத்து வந்தோம், பெயர் வீரா. நல்ல குணம், யாரையும் கடித்ததில்லை. ஆனால் மல்லியைக் கண்டால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவள் முகத்துக்கே பாய்கிறான். அவள் சீறி, ஓங்கி ஒரு அறை விட்டு, பீரோ மேல் ஏறிவிடுகிறாள். நேற்று இரவிலிருந்து சாப்பிடக்கூட இறங்கவில்லை. "விடு, அதுங்களே தீர்த்துக்கும்" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

கதிர்:
முதலில் சாப்பாட்டைக் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். சிறுநீர் ஒழுங்காகப் போகிறாளா என்றும் பாருங்கள்.

அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் விடாதீர்கள். பூனையின் நகம் நாயின் கண்ணில் பட்டாலும், நாய் விளையாட்டாகக் கவ்வினாலும் காயம் பெரிதாகத்தான் இருக்கும்.

இன்றே மல்லிக்குத் தனி அறை கொடுத்துக் கதவைச் சாத்துங்கள். தண்ணீர், சாப்பாடு, லிட்டர் பாக்ஸ் (அவள் மலம், சிறுநீர் கழிக்கும் மணல் பெட்டி), ஏறி உட்கார உயரமான இடம் எல்லாம் உள்ளேயே இருக்கட்டும். இரண்டுக்கும் மூக்குதான் முதல் அறிமுகம். ஒரு துணியால் மல்லியின் கன்னத்தைத் தடவி வீரா இருக்கும் இடத்தில் போடுங்கள், வீராவின் துணியை மல்லியின் அறையில். அவள் படுக்கையில் மட்டும் போடாதீர்கள், அது அவள் இடம். மோந்துவிட்டுச் சீறாமல் நகர்ந்துபோனால், அப்புறம் சாத்திய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாட்டுத் தட்டை வைத்து, நாளாக நாளாகக் கதவை நெருங்க வையுங்கள்.

நேரில் பார்க்கவிடும்போது வீரா லீஷில், அதாவது நீங்கள் கையில் பிடித்திருக்கும் வாரில், இருக்க வேண்டும். அவன் குரைப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் எனக்குக் கவலை. வாயை மூடி, உடம்பு விறைத்து, இமைக்காமல் அவளையே பார்க்கிறானா? உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காது திரும்பி, தலை உங்கள் பக்கம் வந்த அந்த நொடியில் தின்பண்டம் வாயில் இருக்க வேண்டும். திரும்பவே இல்லை என்றால் தூரம் போதவில்லை, இன்னும் பின்னால் கூட்டிப் போங்கள். அதட்ட வேண்டாம், அடிக்கவே கூடாது. பூனை வந்தால் திட்டு விழும் என்று அவன் மனதில் பதிந்துவிடும்.

அவன் வால் ஆட்டுவது உற்சாகத்தில். பூனை வாலைப் பட்பட்டென்று அடித்தால் எரிச்சலில் இருக்கிறது என்று அர்த்தம். பாவம், இரண்டும் ஒன்றையொன்று தப்பாகப் புரிந்துகொள்கின்றன. மல்லியைத் தூக்கிக்கொண்டு போய் அவனிடம் காட்டவும் செய்யாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடலாம் என்ற தெம்பு அவளுக்கு வேண்டும்.

ஷாஹினா:
கதிர் சொன்னதோடு ஒன்று. வீராவுக்கு உண்ணி, தெள்ளுப்பூச்சிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து போட்டால், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்குப் பரவாயில்லை, பூனைக்கு விஷம். மருந்து காயாத நாயோடு உரசினாலே நடுக்கம், வலிப்பு வரலாம். வீட்டில் பூனை இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லியே வாங்குங்கள்.

வித்யா:
ரொம்ப நன்றி. தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்தியதும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கித் தட்டைக் காலி செய்துவிட்டாள்! இதற்கெல்லாம் எவ்வளவு நாள் ஆகும்? வீரா அவள் சாப்பாட்டையும் லிட்டர் பாக்ஸையும் கிளறுவான், அதற்கு என்ன வழி?

கதிர்:
சாப்பிட்டாளே, அதுவே பெரிய நிம்மதி. சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். அவசரப்படுத்தினால்தான் இழுக்கும். கட்டிப்பிடித்துத் தூங்க வேண்டும் என்றில்லை, ஒரே ஹாலில் ஆளுக்கொரு மூலையில் நிம்மதியாகப் படுத்தாலே நல்ல உறவுதான்.

பூனைச் சாப்பாட்டில் புரதமும் கொழுப்பும் அதிகம், நாய்க்கு வயிற்றைக் கெடுக்கும். மேஜை மேல் வைத்துவிடுங்கள். நாய்ச் சாப்பாட்டை மல்லிக்குப் பழக்காதீர்கள், பூனைக்குத் தேவையான டாரின் என்ற சத்து அதில் போதுமான அளவு இருக்காது. லிட்டர் பாக்ஸை, அவள் மட்டும் நுழையும்படி இடைவெளி விட்ட தடுப்புக்குப் பின்னால் வையுங்கள், ஆனால் வீரா அவளை மூலையில் மடக்கிவிடாதபடி. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டும் தனித்தனி அறையிலேயே இருக்கட்டும், பழகிவிட்டது போலத் தெரிந்தாலும்.