எட்டு மாதச் சேவல் குழந்தையை எகிறி அடிக்கிறது: திருத்த முடியுமா, அறுத்துவிடுவதா?

முற்றம்:
வணக்கம். எங்களிடம் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. சேவலுக்கு எட்டு மாதம். தாய்க்கோழி இறந்துவிட்டதால் குஞ்சிலிருந்தே அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குள் நாங்களே வளர்த்தோம். பகலில் பாதி நேரம் என் ஆறு வயது மகளின் மடியில்தான் உறங்கும். ஐந்தாம் மாதம் கூவத் தொடங்கியது. அதோடு குணமும் மாறிவிட்டது.

முதலில் என் செருப்பைக் கொத்தியது. விளையாட்டு என்று விட்டுவிட்டேன். பிறகு தீவனம் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து எகிறி அடித்தது. துடைப்பத்தால் விரட்டினேன், மறுநாள் இன்னும் வேகமாக வந்தது. நேற்று மாலை மகள் முட்டை எடுக்கக் குனிந்தபோது நேரே முகத்துக்குப் பாய்ந்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கால்முள் குத்திக் கீறியிருக்கிறது.

அறுத்துவிடலாம் என்கிறார் மனைவி. "அது என் குஞ்சு" என்று மகள் அழுகிறாள். நான் இதுவரை ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. திருத்த வழி இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால், அதற்குத் துன்பம் தராமல் எப்படி முடிப்பது என்றாவது சொல்லுங்கள்.

வைகறை:
சேவல் இருக்கட்டும், முதலில் குழந்தை. கண்ணுக்குள் போகாமல் சோப்புத் தண்ணீரால் காயத்தை நன்றாகக் கழுவி, இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மண்ணிலும் எச்சத்திலும் புழங்கும் கால்முள் அது. மேலே சிறிய துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். டெட்டனஸ் கிருமிக்கு அப்படிப்பட்ட காயம்தான் வசதி. தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்ற விவரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை சேவலைத் தனியே அடைத்து வையுங்கள்.

முற்றம்:
போய்வந்தோம். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. சுத்தம் செய்து ஊசி போட்டிருக்கிறார்கள். சேவலைத் தனிக் கூண்டில் விட்டிருக்கிறேன். நன்றி, நீங்கள் சொல்லாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்திருப்பேன்.

கொண்டைப்பூ:
ஐயா, இது கைவளர்ப்புச் சேவல். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

விடைச்சேவல் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பருவத்துக்கு வரும். ஆண்மைச் சுரப்பு ஏறியதும் கூட்டத்தில் தன் இடத்தைப் பிடிக்கப் பார்க்கும். தாய்க்கோழியோடும் மூத்த சேவலோடும் வளர்ந்த குஞ்சு, வாங்க வேண்டிய கொத்தை அங்கேயே வாங்கி, எல்லையைக் கற்றுக்கொண்டுவிடும். மனிதரைக் கண்டால் சற்று ஒதுங்கியும் நிற்கும். உங்கள் சேவலுக்கு அந்த ஒதுக்கம் வரவே வாய்ப்பில்லை, ஏனென்றால் அதற்குக் கூட்டம் என்றாலே நீங்கள்தான். இடத்துக்குப் போட்டி என்று வந்தால் உங்களோடுதான் மோதும். செருப்பைக் கொத்தியது முதல் சவால். நீங்கள் துடைப்பத்தை எடுத்தது, சரி வா என்று சொன்ன மாதிரி. உதைத்தாலும் அதே பொருள்தான். நீங்கள் பயந்து ஓடினால், தானே வென்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

பாய்வதற்கு முன் அது காட்டும் குறிகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, பக்கவாட்டில் அரைவட்டமாக நடக்கும். தலையைத் தாழ்த்தும், கழுத்து இறகு குடை விரிந்தாற்போல் சிலிர்த்து நிற்கும். சில நேரம் தரையில் ஒன்றும் இல்லாமலேயே எதையோ கொத்துவது போல் பாவனை செய்யும். இதில் எதைக் கண்டாலும் முதுகைக் காட்டாதீர்கள். அதை நோக்கித் திரும்பி, நிமிர்ந்து நின்று, நிதானமாக இரண்டு அடி எடுத்து வையுங்கள். கையை வீச வேண்டாம், கத்த வேண்டாம். அது இறகைத் தணித்துக்கொண்டு வேறு பக்கம் நடக்கும் வரை நின்ற இடத்தை விடாதீர்கள். முதலில் விலகுவது அதுவாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, தினமும் ஒருமுறை தூக்குவது. இருட்டியதும் அடைந்திருக்கும் சேவல் எளிதாகக் கைக்கு வரும். இரண்டு இறக்கைகளும் உடம்போடு ஒட்டும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கால்களை மறுகையால் பிடித்தபடி நடங்கள். முதலில் அதன் நெஞ்சு உங்கள் உள்ளங்கையில் படபடவென்று அடிக்கும். பத்து நிமிடம் போனதும் கழுத்து தளரும், கண் பாதி மூடும். அப்போது இறக்கிவிடுங்கள். திமிறும்போது விட்டால், திமிறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும்.

இரண்டு மூன்று வாரம் முயன்று பாருங்கள். எத்தனை வாரம் ஆனாலும் மகள் தனியாக உள்ளே போகக் கூடாது, ஒருமுறைகூட. சேவல் எகிறும் உயரத்தில்தான் அவள் முகம் இருக்கிறது.

வரப்பு:
கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குங்கள். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கொண்டைப்பூ:
தயவுசெய்து வேண்டாம். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்கு இல்லை. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் காற்றுப்பைகளின் மேல் சாய்ந்து மூச்சை அழுத்தும். கனமான சேவலை அப்படியே வைத்திருந்தால் இறந்துகூடப் போகலாம். மூச்சு முட்டி அசையாமல் இருப்பதை அடங்கிவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கதிர்:
கால்முள்ளின் நுனியை அரத்தால் மழுக்கிவிடுங்கள். வெளியே இருப்பது நகம் போன்ற உறை. உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. ஆகவே நுனி மட்டும் போதும். தப்பித்தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். அப்படியே பெட்டைகளின் முதுகையும் பாருங்கள். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பெட்டைகள் இருப்பது நல்லது, ஆறு குறைவு. ஒரே பெட்டையை ஓயாமல் மிதித்தால் முதுகு இறகு உதிர்ந்து தோல் கிழியும்.

முற்றம்:
மூன்று வாரம் ஆகிவிட்டது. கொண்டைப்பூ சொன்னதை ஒரு நாள் விடாமல் செய்தேன். நான் போனால் இப்போது மூன்றடி தள்ளியே நிற்கிறது. மனைவியிடமும் வருவதில்லை. இது நடக்கும் என்று நான் நம்பவே இல்லை.

ஆனால் நேற்று மகள் கம்பிவலைக்கு வெளியே நின்றாள். அவளைப் பார்த்ததும் வலையில் மோதத் தொடங்கியது. அவள் நகர்ந்த பக்கமெல்லாம் வலையோரமாகவே ஓடி ஓடி மோதி, கொண்டை கிழிந்து ரத்தம் வழிந்தது. அவள் வீட்டுக்குள் போன பிறகுதான் நின்றது. கதிர் சொன்னபடி பெட்டைகளையும் பார்த்தேன். நான்கின் முதுகு வெறுந்தோலாக இருக்கிறது. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், குணத்தை மறைத்துக் கொடுக்க மனம் வரவில்லை. சொன்னால் வாங்க ஆள் இல்லை.

முடிவு செய்துவிட்டோம். மகளிடம் ஊருக்கு அனுப்புகிறோம் என்றெல்லாம் பொய் சொல்லவில்லை. நிறைய அழுதாள். "அதுக்கு வலிக்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிகிற மாதிரி இதைச் செய்ய வேண்டும். எப்படி?

தாழ்வாரம்:
தம்பி, உங்கள் மகளின் கேள்வியைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நாற்பது ஆண்டுகளாக என் கையால் செய்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் அறுப்பதற்கான விதிகள் இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் மருந்து ஏதாவது கொடுத்திருந்தால், மருந்து இறைச்சியிலிருந்து நீங்க இத்தனை நாள் விட வேண்டும் என்று உறையில் போட்டிருக்கும், அந்த நாள்கள் முடியும் வரை அறுக்காதீர்கள். சோர்ந்து தூங்கி விழும் கோழியை அறுக்கவே கூடாது.

முந்தைய இரவே தீவனத்தை எடுத்துவிடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும், தண்ணீர் இருக்கலாம். விடிவதற்கு முன், மங்கலான வெளிச்சத்தில், மூன்று வாரமாகத் தூக்கினீர்களே, அதே மாதிரி தூக்கி வாருங்கள். துரத்திப் பிடிக்காதீர்கள். உங்கள் கை அதற்குப் பழகியிருப்பது இப்போது பெரிய உதவி.

கத்தியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒரு தாளை நிறுத்திப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் அறுபட வேண்டும். மழுங்கிய கத்தியால்தான் கோழி படாத பாடு படுகிறது.

தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஒரு கூம்பு செய்து, அகன்ற வாய் மேலே இருக்கும்படி சுவரில் உறுதியாக மாட்டுங்கள். கோழியைத் தலை கீழாக உள்ளே விட்டால் கீழ்த்துளை வழியாகத் தலை வெளியே வரும். இறக்கை ஒட்டியிருப்பதால் அடித்துக்கொள்ளாது. தலைகீழ் கூடாது என்று மேலே சொன்னதும் சரிதான், அதனால் உள்ளே விட்டதும் தாமதிக்கக் கூடாது. தலையைப் பிடித்துக்கொண்டு, தாடைக்குச் சற்றுக் கீழே கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களையும் ஆழமாக, தயங்காமல் அறுத்துவிடுங்கள். ரத்தம் வேகமாக வெளியேற உணர்வும் சீக்கிரம் போய்விடும். பிறகும் கால் உதறும், உடம்பு துடிக்கும். அது நரம்பின் வேலை. கோழிக்கு அது தெரியாது. இதை மனைவியிடம் முன்பே சொல்லிவையுங்கள், பார்ப்பவர்கள் பதறிவிடுவார்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, கண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். இமைக்காது, மூச்சும் இருக்காது என்று உறுதியான பிறகே வெந்நீருக்குப் போக வேண்டும்.

கை நடுங்கும் என்று தோன்றினால் அனுபவம் உள்ள ஒருவரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு, கோழியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக அறுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வெந்நீர் 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். கொதிநீரில் போட்டால் தோல் வெந்து இறகோடு கிழிந்து வரும். காலைப் பிடித்து மேலும் கீழுமாக முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் அலசி, ஒரு வால் இறகை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் போதும்.

வால் மேல் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எடுங்கள். கழுத்தடியில் தோலைக் கீறித் தீனிப்பையை விரலால் தளர்த்துங்கள். ஆசனவாயைச் சுற்றிக் கத்தி நுனியை மேலாகவே ஓட்டுங்கள். குடலில் பட்டுவிடக் கூடாது. கையை நெஞ்செலும்பின் உள்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இழுப்பில் கொண்டுவாருங்கள். ஈரலோடு ஒட்டிய பச்சை நிறச் சிறு பைதான் பித்தப்பை. அது உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுரையீரல் விலா இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், சுரண்டி எடுக்க வேண்டும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகளோ, வயிற்றில் நீரோ, கெட்ட வாடையோ இருந்தால் அந்தக் கோழியைச் சாப்பிடாதீர்கள்.

உடனே பனிக்கட்டித் தண்ணீரில் போடுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் இறைச்சியின் சூடு 4 டிகிரிக்கு இறங்க வேண்டும். குடல், இறகு எல்லாவற்றையும் நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். பலகை, கத்தி, கை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முற்றம்:
அம்மா, இன்று விடியற்காலை முடித்தோம். அனுபவமுள்ள பக்கத்து வீட்டுப் பெரியவர் அறுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே சீக்கிரம் அடங்கிவிட்டது. சுத்தம் செய்யும்போது பித்தப்பையில் நகம் பட்டு ஈரலில் கொஞ்சம் பச்சை வழிந்துவிட்டது. இறைச்சி இப்போது மரக்கட்டை மாதிரி விறைத்திருக்கிறது. ஏதாவது தவறு செய்துவிட்டேனா?

தாழ்வாரம்:
தவறில்லை, தம்பி. பச்சை பட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள், அது கசப்புதான். குடல் கிழிந்து எச்சம் பட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உயிர் போன சில மணி நேரத்தில் தசை இப்படி விறைக்கும். இப்போதே சமைத்தால் ரப்பர் மாதிரி இருக்கும். மூடி, குளிர்பெட்டியில் ஒரு நாள், இரண்டு நாள் வையுங்கள். தொடை மூட்டை மடக்கிப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் சமைக்கலாம். குட்டித் தீயில் நிறைய நேரம் வேகவிடுங்கள். எட்டு மாதச் சேவலின் கால் அவசரத்துக்கு வேகாது.

முற்றம்:
மூட்டு இன்று தளர்ந்துவிட்டது. மகள் சாப்பிட மாட்டேன் என்றாள், நாங்கள் வற்புறுத்தவில்லை. வால் இறகு ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். மாலையில் என்னோடு உள்ளே வந்து அவளே முட்டை எடுத்தாள். ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து முட்டை வாங்கி வைத்து, இந்த முறை குஞ்சுகளைத் தாயோடே விடலாம் என்று இருக்கிறோம். பழைய சேவலின் குணம் குஞ்சுக்கு வந்துவிடுமா என்ற பயமும் இருக்கிறது.

கொண்டைப்பூ:
முரட்டுக் குணம் ஓரளவு வழிவழியாக வருவதுதான், ஆகவே வெளியிலிருந்து வாங்குவது நல்ல முடிவு. ஒன்றைக் கவனியுங்கள்: சேவல் போன பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை உங்கள் பெட்டைகள் கருவுள்ள முட்டை இடக்கூடும். மற்ற பெட்டைகளும் அடைக்கூட்டில் புகுந்து இட்டுவிட்டுப் போகும். வாங்கி வைக்கும் முட்டைகளில் பென்சிலால் குறி போடுங்கள். தினமும் மாலையில் பார்த்து, குறியில்லாததை மகளையே எடுக்கச் சொல்லுங்கள்.